வயிற்றைக் கலக்குதா? மனசையும் கவனிப்போம்!



இந்த மாத நலவாழ்வுப் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது வயிறும் மனசும். "வயிறு வேற, மனசு வேற. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலருக்குத் தோன்றலாம். நம்ம பேச்சையே கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. பள்ளிக்கூடம் போன பிள்ளை நேரத்துக்கு வரலைன்னா "வயித்தைக் கலக்குது" என்கிறோம். கடன் வசூலிக்க வருகிறவர் வண்டிச் சத்தம் கேட்டால் "வயித்துல புளியைக் கரைக்குது" என்கிறோம். கல்யாண வயசில் பெண் இருந்தால் "வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன்" என்கிறோம். நல்ல சேதி வந்தால் "என் வயித்துல பாலை வார்த்தே" என்கிறோம்.

பயம், கவலை, நிம்மதி மூன்றையுமே நம் பாட்டிமார்கள் வயிற்றில் வைத்துத்தான் பேசினார்கள். அது வெறும் பேச்சு இல்லை, உடம்பில் நிஜமாகவே நடக்கும் விஷயம் என்று இன்றைய மருத்துவமும் சொல்கிறது.

இதை நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

நம் குழுக்களில் "கேஸ் தொந்தரவு" என்று சொல்லாத உறுப்பினர் குறைவு. நெஞ்சு எரிச்சலுக்கும் கேஸ், படபடப்புக்கும் கேஸ், தூக்கம் வரலைன்னாலும் கேஸ். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே வருஷக்கணக்கில் ஓட்டுகிறோம். உள்ளே இருக்கிற கவலையை யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

இன்னொரு பக்கம் பாருங்க. நிஜமாகவே வயிற்றில் நோய் இருக்கும் பெண்ணிடம், "உனக்கு ஒண்ணுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். அவரும் வாயை மூடிக்கொள்கிறார். நோய் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

இரண்டுமே ஆபத்து. வயிற்றைப் பார்க்கும்போது மனசையும் பார்க்க வேண்டும். மனசைப் பார்க்கும்போது வயிற்றை விட்டுவிடக் கூடாது. இதுதான் இந்தப் பாடத்தின் சாரம்.

வயிற்றுக்கும் மூளைக்கும் நடுவே என்ன இருக்கிறது?

முதலாவது, நரம்பு. நம் உணவுக்குழாயிலிருந்து ஆசனவாய் வரைக்கும் குடல் சுவரில் நரம்பு செல்கள் வலை பின்னியது போல இருக்கின்றன. எண்ணிக்கை பத்துக் கோடிக்கும் மேல். சோற்றை எப்போது தள்ளணும், எவ்வளவு நீர் சுரக்கணும் என்பதை எல்லாம் இந்த வலையே பெரும்பாலும் பார்த்துக்கொள்கிறது. அதனால் குடலை "இரண்டாவது மூளை" என்றே சொல்கிறார்கள். இந்த வலையையும் தலையில் உள்ள மூளையையும் இணைக்கிற முக்கியமான நரம்புக்கு வேகஸ் என்று பெயர். இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. மூளையிலிருந்து வயிற்றுக்குப் போகிற சேதியைவிட, வயிறு முதலான உறுப்புகளிலிருந்து மூளைக்குப் போகிற சேதிதான் இந்த நரம்பில் அதிகம். அதாவது வயிறு கேட்பதைவிடப் பேசுவது அதிகம்!

இரண்டாவது, ரசாயனம். செரட்டோனின் என்று ஒரு பொருள் நம் உடம்பில் சுரக்கிறது. மூளையில் அது மனநிலை, தூக்கம் ஆகியவற்றோடு தொடர்பு உள்ளது. உடம்பில் உள்ள செரட்டோனினில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குடலில்தான் தயாராகிறது. குடலில் தயாராவது நேராக மூளைக்குள் போய்விடாது. ஆனால் குடலின் அசைவையும், குடல் நரம்புகள் மூளைக்கு அனுப்பும் சேதியையும் அது மாற்றும்.

மூன்றாவது, நுண்ணுயிர்கள். கிருமி என்றாலே கெட்டது என்று நினைக்கிறோம். அப்படி இல்லீங்க. மாவைப் புளிக்க வைப்பதும், பாலைத் தயிராக்குவதும் கிருமிதானே? அதுபோல நம் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நாம் சாப்பிடும் கீரை, பயறு, காய்களில் உள்ள நார்ச்சத்துதான் அவற்றுக்குச் சாப்பாடு. அதைத் தின்றுவிட்டு, குடலின் உள்தோலுக்கு நல்லது செய்யும் பொருள்களை அவை நமக்குத் தருகின்றன.

பார்த்துச் சொன்ன டாக்டர்

வயிற்றின் மேல் கோபமும் பயமும் வேலை செய்வதை ஒரு டாக்டர் கண்ணாலேயே பார்த்தார். 1822-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு தோல் வியாபாரக் கடையில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு தவறுதலாகப் பாய்ந்தது. வில்லியம் போமான்ட் என்ற ராணுவ டாக்டர் வைத்தியம் பார்த்தார். ஆள் பிழைத்துவிட்டார். ஆனால் வயிற்றில் விழுந்த ஓட்டை மூடவே இல்லை. அந்த ஓட்டை வழியாக டாக்டர் பல ஆண்டுகள் இரைப்பைக்குள் பார்த்துப் பார்த்து எழுதினார். அந்த மனிதர் கோபப்பட்டபோதும் கலங்கியபோதும் இரைப்பையின் உள்தோல் நிறம் மாறியதையும், செரிமானம் கெட்டதையும் 1833-இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் சொல்லியிருக்கிறார்.

கவலை வந்தால் வயிற்றில் என்ன நடக்கும்?

வயல் வரப்பில் நடந்து போகிறோம். எதிரே பாம்பு. உடனே உடம்பு என்ன செய்யும்? இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும், கை கால் வியர்க்கும். ஓடுவதற்கு வசதியாக ரத்தம் கை கால் தசைகளுக்குப் பாயும். அந்த நேரத்தில் சோறு செரிப்பதா முக்கியம்? அதனால் இரைப்பை தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். பெருங்குடலோ வேகமாக அசையும். அதனால்தான் பயந்தால் ஒருபக்கம் பசி போய்விடுகிறது, இன்னொரு பக்கம் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது.

பாம்பு போய்விட்டால் உடம்பும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் சில கவலைகள் வரப்பில் வந்த பாம்பு மாதிரி போய்விடுவதில்லை. வாரத் தவணை, கணவரின் குடி, பெண்ணின் படிப்புச் செலவு, மழை பெய்யாத வானம், இதெல்லாம் தினம் தினம் கூடவே இருக்கின்றன. உடம்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தினமும் பாம்பைப் பார்த்தது போலவே நடந்துகொள்கிறது. அதனால்தான் தவணை நாளுக்கு முந்தின ராத்திரியே சிலருக்கு வயிறு கலங்குகிறது. நாளாக நாளாகக் குடல் நரம்புகளும் கூருணர்வு பெற்றுவிடும். மற்றவர்களுக்குத் தெரியாத சின்ன உப்புசம்கூட இவர்களுக்கு வலியாகத் தெரியும். இது நடிப்பு இல்லை, பிரமை இல்லை. வலி நிஜம்.

வயிறு கெட்டால் மனசும் கெடுமா?

கெடும். இது ஒருவழிப் பாதை இல்லை. அடிக்கடி வயிற்று வலி, உப்புசம், ஒரு நாள் பேதி, ஒரு நாள் மலச்சிக்கல் என்று மாதக்கணக்கில் இருக்கும். பரிசோதனை செய்தால் புண்ணோ கட்டியோ எதுவும் இருக்காது. இதை டாக்டர்கள் ஐ.பி.எஸ். என்கிறார்கள். (போலீஸ் அதிகாரிக்குப் படிக்கிற ஐ.பி.எஸ். இல்லீங்க!) இந்தத் தொந்தரவு உள்ள பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்குப் பதற்றமும் இருக்கிறது.

எது முதலில் வந்தது, வயிறா மனசா? ஆஸ்திரேலியாவில் ஊர் மக்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதலில் பதற்றம் இருந்தவர்கள் சிலருக்குப் பின்னால் வயிற்றுத் தொந்தரவு வந்தது. முதலில் வயிற்றுத் தொந்தரவு மட்டும் இருந்தவர்கள் சிலருக்குப் பின்னால் பதற்றம் வந்தது. இரண்டு பக்கமும் வண்டி ஓடுகிற ரோடு இது என்று தெரிந்தது.

குடல் கிருமிகளுக்கும் இதில் பங்கு உண்டா? 2004-இல் ஜப்பானில் எலிகளை வைத்துச் சோதித்தார்கள். குடலில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகள், நெருக்கடி வந்தபோது மற்ற எலிகளைவிட அதிகமாகக் கலங்கின. சின்ன வயதிலேயே நல்ல கிருமியைக் கொடுத்தபோது அந்தக் கலக்கம் குறைந்தது. எலிக்கு நடந்ததெல்லாம் மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. மனிதர்களிடம் ஆராய்ச்சி நடந்துகொண்டே இருக்கிறது.

நம் ஊர்ப் பெண்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வேலை செய்யும் இடத்தில், பஸ் பயணத்தில், சந்தையில் கழிப்பறை இருக்காது. "நடுவழியில் வந்துட்டா என்ன பண்றது?" என்ற பயத்திலேயே வயிறு கலங்கும். வயிறு கலங்குவதைப் பார்த்து பயம் கூடும். பிறகு வெளியே போவதையே நிறுத்திவிடுவார்கள். குழுக் கூட்டத்துக்குத் தொடர்ந்து வராத உறுப்பினரை "ஈடுபாடு இல்லை" என்று சொல்லும் முன், காரணம் இதுவாக இருக்குமா என்றும் யோசிப்போம்.

எல்லாவற்றையும் கவலை மேல் போடாதீங்க!

ஒரு காலத்தில் குடல் புண் என்றால் "கவலை, காரம், கோபம்" என்றுதான் சொன்னார்கள். ஆஸ்திரேலிய டாக்டர்கள் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் இரைப்பையில் வாழும் ஒரு கிருமிதான் பெரும்பாலான புண்களுக்குக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். அவர் இரைப்பை வீங்கிப்போனது! 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்தப் புண்ணுக்குச் சில வார மருந்திலேயே குணம் கிடைக்கிறது. "கவலைதான்" என்று சும்மா இருந்திருந்தால்?

படபடப்புக்கும் இதே கதைதான். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்தாலும் படபடப்பு வரும். தைராய்டு கூடினாலும் வரும். மாதவிலக்கு நிற்கும் வயதிலும் வரும். முதலில் பரிசோதனை, பிறகுதான் முடிவு.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்க:

* மலத்தில் ரத்தம், அல்லது தார் போலக் கறுத்து ஒட்டும் மலம் (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுங்க)
* காரணம் இல்லாமல் எடை குறைவது
* தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி அல்லது பேதி
* விழுங்கச் சிரமம், தொடர் வாந்தி, ரத்த வாந்தி
* விடாத காய்ச்சல், வயிற்றில் கட்டி
* 50 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிக்கும் வயிற்றுத் தொந்தரவு

இன்னொன்று மிக முக்கியம். பெண்களுக்கு மாரடைப்பு சில நேரம் "கேஸ்" போலவே வரும். மேல்வயிற்றில் அழுத்தம், குமட்டல், மூச்சு வாங்குவது, குளிர்ந்த வியர்வை, தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி இருந்தால் சோடா குடித்துப் பார்க்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க.

நாம் தினமும் செய்யக்கூடியவை

1. நேரத்துக்குச் சாப்பிடுவோம். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சம் இருந்தால் சாப்பிடுவது நம் பழக்கம். காலையில் வெறும் டீ, பகல் மூணு மணிக்குச் சோறு என்று இருந்தால் வயிறு எப்படிச் சும்மா இருக்கும்? வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு வாய் கூழாவது குடித்துவிட்டுப் போவோம்.

2. நல்ல கிருமிகளுக்குத் தீனி போடுவோம். கீரை, வாழைத்தண்டு, அவரை, கொய்யா, பயறு, சுண்டல், கேழ்வரகு, கம்பு எல்லாமே நார்ச்சத்துதான். நம் தோட்டத்திலும் சந்தையிலும் கிடைப்பவைதான். ஒரே நாளில் அதிகம் சேர்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்க, இல்லைன்னா உப்புசம் வரும். மோர், தயிர், பழைய சோறு போன்ற புளித்த உணவும் பலருக்கு ஒத்துக்கொள்ளும். சுத்தமான பாத்திரம், சுத்தமான தண்ணீர் முக்கியம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சோற்றின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. தண்ணீரைக் குறைக்காதீங்க, அடக்காதீங்க. கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மலச்சிக்கல் கூடும். வரும்போது அடக்கினால் இன்னும் இறுகும். வேலைத் தளத்தில் கழிப்பறை கேட்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை, அது உரிமை.

4. கண்ட மாத்திரை வேண்டாம். உடம்பு வலி மாத்திரையை வெறும் வயிற்றில் அடிக்கடி போட்டால் இரைப்பை புண்ணாகும். சளி, காய்ச்சலுக்குத் தானாக வாங்கிப் போடும் ஆன்டிபயாடிக், கெட்ட கிருமியோடு நல்ல கிருமியையும் அழிக்கும். வெற்றிலையோடு புகையிலை போடுவதையும் விடப் பார்ப்போம்.

5. மூச்சைக் கவனிப்போம். ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்க. நாலு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுங்க, வயிறு மேலே வர வேண்டும். ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்க. ஐந்து நிமிஷம் போதும். மெதுவாக விடும் மூச்சு, நாம் முன்னே சொன்ன வேகஸ் நரம்பு வழியாக உடம்பை நிதானப்படுத்த உதவும். காசு செலவில்லை, அடுப்பு முன்னாடி நின்றுகொண்டே செய்யலாம்.

6. எழுதி வைப்போம். கணக்கு நோட்டு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலை இல்லை. இரண்டு வாரம் மூன்று விஷயம் மட்டும் எழுதுங்க: என்ன சாப்பிட்டேன், வயிறு எப்படி இருந்தது, மனசில் என்ன ஓடியது. எந்தச் சாப்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எந்தக் கவலைக்கு வயிறு கலங்குகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். டாக்டரிடம் காட்டவும் உதவும். எழுதத் தெரியாதவர்களுக்கு மகளோ பக்கத்து உறுப்பினரோ எழுதித் தரலாம்.

உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகள்

தயிர் சாப்பிட்டால் பதற்றம் போய்விடுமா?
போகாது. நல்ல உணவு உடம்புக்குத் துணை. கடன் கவலையைத் தயிர் தீர்க்காது, வீட்டில் அடி வாங்குகிற பெண்ணின் பயத்தைக் கூழ் போக்காது. அதற்கு வேறு உதவி வேண்டும்.

"குடலைச் சுத்தம் செய்யும், மன அழுத்தம் போகும்" என்று பொடி விற்கிறார்களே, வாங்கலாமா?
ஆயிரக்கணக்கில் விலை சொல்வார்கள், ஆள் சேர்த்தால் கமிஷன் என்பார்கள். குடலைப் பொடி போட்டுக் கழுவத் தேவையில்லை. அந்தப் பணத்துக்குப் பல மாதம் கீரையும் பழமும் முட்டையும் வாங்கலாம். உள்கடன் எடுத்து இதை வாங்கவே வேண்டாம்.

வயிற்று வலிக்குப் போனேன், மனநல மாத்திரை எழுதியிருக்காங்க. எனக்குப் பைத்தியமா?
இல்லவே இல்லை. சில மனநல மருந்துகள் குறைந்த அளவில் குடல் நரம்பின் கூருணர்வையும் குறைக்கும். அதனால் வயிற்று டாக்டர்களே அதை எழுதுவதுண்டு. ஏன் எழுதினார் என்று தயங்காமல் கேளுங்க. நீங்களாக நடுவில் நிறுத்தாதீங்க. பேச்சு மூலமான மனநல ஆலோசனையும் ஐ.பி.எஸ். தொந்தரவைக் குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

குழு என்ன செய்யலாம்?

சேமிப்பு, கடன் பேசி முடித்த பிறகு பத்து நிமிஷம் "உடம்பும் மனசும் எப்படி இருக்கு?" என்று கேட்போம். சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லட்டும், கட்டாயம் வேண்டாம். ஆனால் ஒரு விதி: குழுவில் கேட்டது தெருக்குழாயடிக்குப் போகக் கூடாது. ஒரு தரம் போய்விட்டால் அந்தப் பெண் மறுபடி வாயைத் திறக்க மாட்டார்.

தவணை கட்ட முடியாமல் தவிக்கும் உறுப்பினரைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேட்காமல், ஊக்குநரும் பிரதிநிதியும் தனியாகப் போய்ப் பேசட்டும். பாக்கியைத் தள்ளிப்போடவோ பிரித்துக் கட்டவோ குழுவில் வழி உண்டு. பாதிக் கவலை அங்கேயே இறங்கிவிடும். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயப்படும் உறுப்பினருக்கு ஒருவர் துணை போகலாம். டாக்டரிடம் "கேஸ்" என்று ஒரே வார்த்தை சொல்லாமல், எத்தனை நாளாக, எப்போது, எந்த இடத்தில், தூக்கம் எப்படி, கவலை என்ன என்று எல்லாவற்றையும் சொல்ல உதவலாம்.

யாரிடம் போவது?

முதலில் நம் ஆரம்ப சுகாதார நிலையம். கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் வழி காட்டுவார். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்களிடமும் கேட்கலாம், அவர்களில் பலர் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். மாவட்ட மனநலத் திட்டத்தின் மூலம் அரசு மருத்துவமனையில் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும். போனில் பேச 14416. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. இலவசம், இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

"இருந்து என்ன பிரயோஜனம்" என்று ஓர் உறுப்பினர் பேசினால், சும்மா சொல்கிறார் என்று விடாதீங்க. அவரைத் தனியாக விடாமல் கூடவே இருந்து, 14416-க்கோ 104-க்கோ உடனே பேசுங்க.

நினைவில் வைப்போம்

* வயிறும் மூளையும் நரம்பு, ரசாயனம், நுண்ணுயிர் மூலமாக ஒன்றோடொன்று பேசுகின்றன.
* கவலையால் வரும் வயிற்று வலியும் நிஜ வலிதான்.
* அபாய அறிகுறி இருந்தால் கவலை என்று தள்ளாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.
* உணவு, தூக்கம், மூச்சு துணை செய்யும். கவலையின் வேரையும் கவனிக்க வேண்டும்.

கூட்டத்தில் கலந்து பேச

1. போன மாதம் உங்களுக்கு எப்போதெல்லாம் வயிறு கலங்கியது? அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது?
2. நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? அதை மாற்ற என்ன செய்யலாம்?
3. நம் ஊரில் பெண்கள் வேலை செய்யும் எந்த இடத்தில் கழிப்பறை இல்லை? யாரிடம் மனு கொடுக்கலாம்?
4. நம் குழுவில் நெடுநாளாகக் கேஸ் மாத்திரை சாப்பிடும் உறுப்பினர் யார்? அடுத்த வாரம் அவரோடு ஆஸ்பத்திரிக்குத் துணை போவது யார்?

நாலாவது கேள்விக்கான பதிலை, சம்மதம் கேட்டுக்கொண்டு, தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்க. அடுத்த கூட்டத்தில் போய்வந்த விவரத்தைக் கேளுங்க.